நாலும் ஏழரையும்

ரோஸ்மானுக்கு நாலு போதும்.
அனுசூயாவுக்கு ஏழரை.
சனியைச் சொல்லவில்லை, மிக்ஸரில் விசை நிற்கும் இடத்தைச் சொல்கிறேன்.
அதற்கு மேல் தள்ளினால் பெட்டி கீச்சிடும்,
ஈசூன் திடலே காதைப் பொத்திக்கொள்ளும்.

இருபத்திரண்டு வருஷமாக இந்த லாரி, இந்த ஒலிபெருக்கிகள்.
எந்தக் கட்சிக்கும் வாடகை ஒன்றுதான்.
ஓட்டு யாருக்கு என்று என் மனைவியிடமே சொன்னதில்லை.

ரோஸ்மான் மேடையேறியதும் பேசமாட்டார்.
சட்டைக் கையை மடிப்பார். ஒரு மடிப்பு. இன்னொன்று.
இரண்டாவதில் எவனாவது விசிலடிப்பான்.
பிறகு மலாயில் ஒரு பந்துன், நாலே அடி,
மூன்றாம் அடியில் நிறுத்துவார்.
மலாய் தெரியாத சீனக் கிழவிகள்கூட
நாலாம் அடி வருமுன்னே சிரித்துவிடுவார்கள்.
ஒருமுறை நல்ல மழை. குடையை மடக்குங்கள் என்றார்.
மடக்கினார்கள், எட்டாயிரம் பேர்.
நான் மட்டும் மிக்ஸருக்குத் தார்ப்பாய் பிடித்து நின்றேன்.

அவர் ஓய்வு என்றதும்
இந்தப் பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.
காப்புறுதி நிறுவனத்தில் கணக்கு. முப்பத்தாறு வயசு.
தாளைப் பார்த்துப் படிக்கிறாள்,
தாள் திருப்பும் சத்தம் மைக்கில் விழுகிறது.
மற்றவர் சிரிக்க எழுதிவைத்த இடத்தில்
அவளே முந்திச் சிரித்துவிடுகிறாள்.
கோப்பிக் கடையில் சொல்கிறார்கள்:
"நல்ல பிள்ளதான், ஆனா ரோஸ்மான் இல்ல லா."
ஒன்பது நாளில் அந்த "ஆனா"வை
அவள் எத்தனை மேசையில் கேட்டிருப்பாள்.

மூன்றாம் நாள் ராத்திரி வயர் சுருட்டும்போது வந்தாள்.
செருப்பெல்லாம் சேறு.
"அண்ணே, அவருக்கு மட்டும் என்ன செஞ்சீங்க?"

யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன்.
அவர் நிறுத்தப்போகும் இடத்துக்குச் சற்று முன்னால்
எதிரொலியை ஒரு மயிரிழை ஏற்றுவேன்.
திறந்த வெளிக்குச் சுவர் முளைத்த மாதிரி இருக்கும்.
அவர் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

"எனக்கும் போடுங்க."

போட்டேன். ஆளில்லாத திடலைப் பார்த்து
"அன்பார்ந்த ஈசூன் குடியிருப்பாளர்களே" என்றாள்.
குளியலறையில் வாளி உருண்ட மாதிரி இருந்தது.
இருவரும் சிரித்தோம். அவள் முந்தவில்லை.
"எடுத்துடுங்கண்ணே."

கடைசிக் கூட்டத்திலும் தாள்தான்.
புளோக் புளோக்காகப் படித்தாள்:
இந்த புளோக்கில் லிஃப்ட் நின்றது பதினோரு நாள்,
அடுத்ததில் ஆறு,
பத்தாம் மாடியில் ரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறவர்,
வாரம் மூன்று முறை, நாற்காலியோடு தூக்கி இறக்கியவர்கள்
அவர் மகனும், கீழே கூட்டிக்கொண்டிருந்த ஒரு வங்காளத் தொழிலாளியும்.
அடுத்தது நான்கு நாள். அடுத்தது ஒன்பது.
குரல் ஏறவில்லை. கைதட்ட இடமும் விடவில்லை.

திடல் அடங்கிப்போனது.
மீட்டர் முள் கீழே போய்ப் படுத்துக்கொண்டது.
ஒருவர் பிளாஸ்டிக் பையை மடித்து மடித்து
முக்கோணமாக்கினார், பிரித்தார், மறுபடி மடித்தார்.
ஒரு குடும்பம் எழுந்து ரயிலுக்கு நடந்தது.
கேட்கிறார்களா, களைத்துவிட்டார்களா?

பக்கத்தில் யாரோ நின்றார்.
தொப்பி. முழுக்கைச் சட்டை, மணிக்கட்டில் பொத்தான் போட்டபடி.
"எக்கோ எங்கே?" என்றார் ரோஸ்மான், மலாயில்.

இருபத்திரண்டு வருஷமும் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"வேண்டாம்னு சொல்லிட்டாங்க, என்சிக்."
அவர் தலையாட்டினார். ஆமோதித்தாரா,
"அப்படியானால் போச்சு" என்றாரா,
இருட்டில் பிடிபடவில்லை.
சட்டைக் கை மடிக்காமல் கடைசிவரை நின்றார்.

பத்து மணிக்கு மைக்கை அணைத்தேன், சட்டம்.
அந்த அமைதி எத்தனை ஓட்டு என்று அளக்க
மீட்டரில் கோடு கிடையாது.
விசையை நாலுக்கு இறக்கப் போன விரல்
ஏழரையிலேயே கொஞ்ச நேரம் இருந்தது.

வெளியே லாரிக்கு
அபராதச் சீட்டு வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.